கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்வது எப்படி?

கல்லூரியில் தேசிய மாணவர் படையில், அதாவது என்.சி.சி.யில் சேர நினைக்கும் முதலாண்டு மாணவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. கல்லூரி மாணவர்களுக்கான மூத்த பிரிவின் பயிற்சி மூன்று ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில் 'பி' சான்றிதழ்த் தேர்வும் மூன்றாம் ஆண்டின் முடிவில் 'சி' சான்றிதழ்த் தேர்வும் நடைபெறும். 'பி' பெறாதவர் 'சி' தேர்வு எழுத முடியாது. எனவே பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர், இந்த வருடம் கல்லூரி பழகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், அப்போதே 'சி' சான்றிதழைக் கைவிட்டவராகிறார். பொறியியல் மாணவருக்கு ஓராண்டு கூடுதலாகக் கையில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அவருடைய நான்காம் ஆண்டை வேலைவாய்ப்பு நேர்காணல்களும் புராஜெக்ட் வேலையும் தின்றுவிடும் என்பதோடு, பெரும்பாலான கல்லூரிகள் முதலாண்டு மாணவரைத்தான் எடுக்க விரும்பும். ஆகையால் வகுப்பு தொடங்கிய முதல் வாரங்களிலேயே இதை முடிவு செய்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது, சேர்ந்தபின் மூன்று ஆண்டுகளில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

பண்டிட் குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1948-ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டத்தால் உருவான அமைப்பு இது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மாணவியர் பிரிவு 1949-இல் தொடங்கியது. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பத் தேர்வாக மாறியது. இன்றும் பல பெற்றோருக்கு ஓர் அச்சம் இருக்கிறது: பிள்ளை இதில் சேர்ந்தால் ஒருநாள் ராணுவத்தில் இழுத்துக்கொள்வார்களோ என்பது. அப்படி ஒரு கடமையும் கிடையாது. படையில் உறுப்பினராக இருப்பதனால் மட்டும் யாரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வீட்டில் ஒப்புதல் கையொப்பம் கேட்கும்போது இந்த ஒரு செய்தியை முதலில் சொல்லிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

கல்லூரியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தல்

என்.சி.சி. எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இருக்கும் கல்லூரியிலும் நமக்குப் பிடித்த பிரிவு இருக்கும் என்று சொல்ல முடியாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று பிரிவுகள் உண்டு. மாணவர் தம் விருப்பப்படி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. கல்லூரி எந்தப் பிரிவின் அலகோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அதில்தான் சேர முடியும். பெரும்பாலான கல்லூரிகளில் தரைப்படைப் பிரிவே இருக்கிறது. கடற்படைப் பிரிவில் துடுப்புப் படகு செலுத்துதல், கயிற்று முடிச்சுகள், கொடிச் சைகை, மாதிரிக் கப்பல் செய்தல் ஆகியவை வரும். விமானப்படைப் பிரிவில் மாதிரி விமானம் செய்தலும் வாய்ப்புள்ள இடங்களில் சிறு விமானத்தில் பறக்கும் அனுபவமும் கிடைக்கும். இந்த இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்பவர், கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே எந்தக் கல்லூரியில் அது இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் ஆகியவற்றுக்குச் சேர்த்து ஓர் இயக்குநரகம் சென்னையில் இருக்கிறது. அதன் கீழ் சென்னையில் இரண்டும், கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றுமாகக் குழுத் தலைமையகங்கள் உள்ளன. அவற்றின் கீழ்தான், கல்லூரிகள் இணைக்கப்பட்டிருக்கும் அலகுகளான பட்டாலியன்கள் வரும். மாணவருக்கு அன்றாடம் தொடர்பு இருப்பது இரண்டு பேரோடு: ஒருவர், கல்லூரிப் பேராசிரியராகவே இருந்து பயிற்சி பெற்று லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்ற பதவிகளில் ஒன்றை வகிக்கும் என்.சி.சி. அலுவலர், மற்றொருவர், பட்டாலியனிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் ராணுவ ஹவில்தார் அல்லது சுபேதார். கல்லூரியில் முறையாகப் பயிற்சி பெற்ற அலுவலர் இருக்கிறாரா, அல்லது தற்காலிகமாக ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருக்கிறாரா என்று கேட்பது தவறில்லை. அலுவலர் அக்கறையுள்ளவராக இருந்தால் சிறிய ஊர்க் கல்லூரியிலிருந்தும் மாணவர்கள் தில்லி வரை போகிறார்கள். அப்படி ஒருவர் இல்லாத பெரிய கல்லூரியில் பயிற்சி வெறும் சீருடைக் காட்சியாகவே முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், எந்தப் பிரிவு என்பதைவிட இதுதான் முக்கியம்.

மேலும் மூன்று கேள்விகள் கேட்கத் தக்கவை. அணிவகுப்புப் பயிற்சி எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு நடக்கிறது? தொலைவிலிருந்து பேருந்தில் வரும் மாணவருக்கு இது சேர்வதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் கேள்வி. முகாம் நாட்களுக்குக் கல்லூரி ஓ.டி. ('ஆன் டியூட்டி', அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் அனுமதி) கொடுக்கிறதா, தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வையும் ஆய்வக வகுப்பையும் மறுபடி நடத்துகிறதா? மூன்றாவது, செலவு. அரசு நிதியில் இயங்கும் அலகுகளில் சேர்க்கைக் கட்டணம் இல்லை, சீருடைக்கான தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. ஆனால் சில தனியார் நிறுவனங்களில் நிறுவனமே முழுச் செலவையும் ஏற்கும் சுயநிதி முறையில் அலகுகள் நடக்கின்றன. அங்கே மாணவரிடம் ஏதேனும் வசூலிக்கப்படுமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் படிப்போர், முதலாண்டில் என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய விளையாட்டு அமைப்பு, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் பெயர் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவத்தைக் கவனமில்லாமல் நிரப்பி வேறொன்றில் சேர்ந்துவிட்டு, பிறகு மாற்றிக் கேட்டு அலைபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். என்.சி.சி.யிலும் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் ஒரே காலத்தில் இருக்க வழக்கமாக அனுமதிப்பதில்லை.

தகுதியும் ஆவணங்களும்

இந்தியக் குடிமகனாகவோ நேபாளக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். மூத்த பிரிவுக்கு வயது 26-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. அந்தக் கல்லூரியின் முறையான மாணவராக இருக்க வேண்டும். நன்னடத்தையும் மருத்துவத் தகுதியும் வேண்டும். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்து 'ஏ' சான்றிதழ் பெற்றிருப்பது உதவும், ஆனால் கட்டாயமில்லை. பள்ளியில் அந்த வாய்ப்பே இல்லாத கிராமத்து மாணவர்கள் இதை எண்ணிப் பின்வாங்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கும் மாணவியருக்கும் தனித்தனியே இடங்கள் உண்டு.

இடங்கள் எவ்வளவு குறைவு என்பதை அறிந்தால் தேர்வை அலட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். கல்லூரியில் ஒரு கம்பெனி, அதாவது பெரிய அணி, இருந்தால் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 160 பேர். அதைவிடச் சிறிய அணியான பிளட்டூன் ஒன்று மட்டும் உள்ள கல்லூரியில் ஐம்பது சொச்சம். இவை மூன்று ஆண்டு மாணவர்களுக்கும் சேர்த்த எண்ணிக்கை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்க்கப்படுவோர் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்று ஐம்பது பேரோ பதினேழு பேரோ எடுக்கப்படுவதன் காரணம் இதுவே.

சேர்க்கைப் பதிவு இப்போது இணையவழியில் நடக்கிறது. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இரத்த வகை, மருத்துவரின் உடல் தகுதிச் சான்று, பெற்றோர் ஒப்புதல், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கும். ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தே இராது. பதிவில் எந்த வடிவம் ஏறுகிறதோ அதுவே மூன்றாண்டு கழித்து 'சி' சான்றிதழில் அச்சாகும். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா ஆவணங்களையும் முன்பே திருத்திக்கொண்டு பதிவு செய்வதே பாதுகாப்பானது. பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பதிவு அச்சுப்படியைத் தாமே ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். நண்பர் பார்த்துக்கொள்வார் என்று விடக் கூடாது.

மருத்துவச் சான்றில் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு போன்றவற்றை மறைக்க வேண்டாம். வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டிய பயிற்சி இது. மறைத்ததனால் கிடைக்கும் இடம் எந்த அணிவகுப்பிலும் ஆபத்தாகத் திரும்பலாம்.

தேர்வு நாள்

தேர்வு முறை கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறுபடும். பொதுவாக உயரமும் எடையும் பார்ப்பார்கள், ஓடச் சொல்வார்கள், தண்டால் எடுக்கச் சொல்வார்கள், பின் சில நிமிடங்கள் பேசிப் பார்ப்பார்கள். ஓட்டம்தான் பெரும்பாலோரைக் கழிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் நாற்காலியிலேயே கழித்துவிட்டு வந்த உடல் திடீரென ஓடாது. தேர்வு முடிவு வந்து கல்லூரி தொடங்கும் வரை கிடைக்கும் விடுமுறையில், காலையில் மெதுவோட்டமாகத் தொடங்கி, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டரை நிற்காமல் ஓடும் நிலைக்கு வந்துவிட்டால் போதும். புதுச் சப்பாத்தைத் தேர்வு நாளன்று முதன்முதலாக அணிவது கொப்புளத்தை வரவழைக்கும். காலையில் வெறும் வயிற்றில் போய் மயங்கி விழுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஓட வேண்டும்.

நேர்காணலில் கேட்கப்படுபவை எளியவை: ஏன் சேர விரும்புகிறீர்கள், படையின் குறிக்கோள் வாசகம் என்ன, உங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அண்மைச் செய்தி எதையாவது சொல்லுங்கள் என்பன போன்றவை. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்ற வாசகத்தை எல்லோரும் மனப்பாடம் செய்து வருவார்கள். 'நாட்டுக்குச் சேவை செய்ய' என்ற பதிலையும் எல்லோரும் சொல்வார்கள். காவல் துறைக்குப் போக வேண்டும், கூட்டத்தின் முன் பேசக் கூச்சமாக இருக்கிறது, அதைப் போக்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்பவரின் பதில் அந்த வரிசையில் தனித்துத் தெரியும். மூன்று ஆண்டுகள் சனிக்கிழமைகளில் வருவீர்களா என்ற கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்ல முடிய வேண்டும். ஏனென்றால் பாதியில் விலகும் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தை வீணாக்குகிறார் என்பது அலுவலருக்குத் தெரியும்.

முதல் சில மாதங்கள்

சேர்ந்தவுடன் துப்பாக்கி கைக்கு வந்துவிடாது. நேராக நிற்பது, திரும்புவது, நடப்பது, நிற்பது, வணக்கம் செலுத்துவது என்று வாரக்கணக்கில் போகும். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட், பீச்சே முட், தேஜ் சல், தம் என்று ஆணைகள் எல்லாம் இந்தியில்தான் வரும். இந்தி தெரியாதவர் இதற்காக அந்த மொழியைக் கற்க வேண்டியதில்லை; ஒலிக்கும் அசைவுக்கும் உள்ள தொடர்பு ஓரிரு வாரங்களில் உடலில் ஏறிவிடும். தமிழ்நாட்டில் இது ஒரு காலத்தில் பெரிய அரசியல் கேள்வியாகவே இருந்தது: 1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், மாணவர் படையில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு பகுதி. இன்றைய முகாம்களிலும் வடமாநிலப் பயிற்றுநர் இந்தியிலேயே விளக்கிக்கொண்டு போனால் நம் மாணவர்கள் விழிப்பது உண்டு. அப்போது புரிந்தது போலத் தலையாட்டாமல், கையை உயர்த்தி ஆங்கிலத்திலோ தமிழ் தெரிந்த பயிற்றுநர் வழியாகவோ கேட்டுக்கொள்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஆயுதப் பயிற்சியின்போது அது அவசியமும்கூட.

சீருடை கைக்கு வந்ததும் அதைப் பேணுவது தனி வேலையாகிறது. தலைமுடி வெட்டு, முகச் சவரம், மாணவியருக்கு வலையிட்ட கொண்டை, கஞ்சி போட்டு மடிப்பு விழ இஸ்திரி போட்ட சட்டை, தொப்பியில் சிவப்பு இறகுக் குஞ்சம் சரியான இடத்தில் நிற்பது, பித்தளைக் கொக்கியை பிராஸ்ஸோ போட்டுத் துலக்குவது, பூட்சுக்கு மெருகேற்றுவது என்று வெள்ளிக்கிழமை இரவு போய்விடும். தொடக்கத்தில் இது அற்பமாகத் தெரியும். ஆனால் பரிசோதனையில் ஒரே ஒருவரின் பொத்தான் கழன்றிருந்தாலும் முழு அணியும் வெயிலில் நிற்கும் என்பதை ஒருமுறை பட்டுவிட்டால், பக்கத்தில் நிற்பவனின் சட்டையையும் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். தலைமைப் பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து.

வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. இதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் மழைக்காலத்தில் ரத்தான பயிற்சிகள், பல்கலைக்கழகத் தேர்வு வாரங்கள், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் என்று சேர்ந்தபின் கணக்கு எங்கே நிற்கிறது என்பதைப் பலர் தேர்வுக்கு முந்தைய மாதம்தான் பார்க்கிறார்கள். வரும் ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு சிறு நோட்டில் தேதியிட்டு எழுதி, மாதம் ஒருமுறை அலுவலரின் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்ல வழக்கம்.

முகாம்

'பி' தேர்வு எழுத ஆண்டுப் பயிற்சி முகாம் ஒன்றிலாவது கலந்துகொண்டிருக்க வேண்டும். 'சி'க்கு மேலும் ஒரு முகாம் தேவை. ஆண்டுப் பயிற்சி முகாம் பொதுவாகப் பத்து நாள். ஏதேனும் ஒரு கல்லூரி வளாகத்திலோ பயிற்சி மையத்திலோ சில நூறு மாணவர்கள் தங்குவார்கள். விடியலுக்கு முன் எழுப்புவார்கள். உடற்பயிற்சி, காலை உணவு, அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வரைபடம் வாசித்தல், மதியச் சாப்பாடு, வகுப்புகள், விளையாட்டு, இரவு ஆஜர் எடுத்தல், விளக்கணைப்பு என்று நாள் ஓடும். இங்கேதான் பாயிண்ட் டூ டூ ரைஃபிளால் சுடும் வாய்ப்பு முதன்முதலாக வரும். சுடும் திடலில் பயிற்றுநர் சொல்லும் வரிசையை ஒரு நூலளவும் மீறக் கூடாது. குழலை எப்போதும் இலக்கின் திசையிலேயே வைத்திருக்க வேண்டும், ஆணை வரும் வரை விரல் விசையில் படக் கூடாது.

எடுத்துப் போக வேண்டியவற்றில் தட்டு, டம்ளர், வாளி, போர்வை, கொசுவலை, டார்ச், பூட்டு, கூடுதல் காலுறைகள், கால் புண்ணுக்கான மருந்து, தாம் வழக்கமாக உண்ணும் மாத்திரைகள் ஆகியவை முக்கியம். நகையும் அதிகப் பணமும் வேண்டாம். கைப்பேசியை முகாமில் வாங்கி வைத்துக்கொள்வது உண்டு என்பதால், எந்த எண்ணுக்கு அழைத்தால் அலுவலரைப் பிடிக்கலாம் என்பதை வீட்டில் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் நாளே அம்மா முகாம் வாசலில் வந்து நிற்பார்.

மூன்றாம் நாள்தான் கடினமான நாள். உடல் வலி உச்சத்தில் இருக்கும், தூக்கம் போதாது, சாப்பாட்டு வரிசை நீளமாகத் தெரியும், வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும். ஐந்தாம் நாளுக்குள் அது தணிந்துவிடும் என்பதை மூத்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மயக்கம் இருந்தால் அதை மன உறுதியால் வெல்ல முயலாமல் அன்றே முகாமின் மருத்துவ அறைக்குப் போக வேண்டும்.

முகாமில் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பேற்கும் வாய்ப்பு வந்தால் தட்டிக் கழிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பத்துப் பேரும் எழுந்தார்களா, சாப்பிட்டார்களா, யார் மருத்துவ அறையில் இருக்கிறார், இரவுக் காவலுக்கு எந்த இருவர், அடுத்த நாள் சமையற்கூட உதவிக்கு யார் என்பதையெல்லாம் நினைவில் வைத்து, ஆஜர் எடுக்கும்போது எண்ணிக்கையைத் தவறில்லாமல் சொல்ல வேண்டும். இவ்வளவு பேர் இருக்கிறோம், இவர் இல்லை, இன்ன காரணம் என்று மூன்று வாக்கியங்களில் சொல்லத் தெரிவதற்கே பலருக்கு நான்கு நாள் ஆகும். இரவுக் காவலில் எப்போதும் நண்பர்களை விட்டுவிட்டு அமைதியான பையனையே போடுபவர் யார், முதலில் தம் பெயரை எழுதிக்கொள்பவர் யார் என்பதைப் பயிற்றுநர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். லான்ஸ் கார்ப்போரல், கார்ப்போரல், சார்ஜென்ட் என்று தொடங்கி, மூன்றாம் ஆண்டில் ஜூனியர் அண்டர் ஆபிசர், சீனியர் அண்டர் ஆபிசர் வரை செல்லும் பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, குரல் வளத்தையும் அணிவகுப்புத் திறனையும் போலவே இதையும் எடை போடுவார்கள்.

பதவி பெற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூத்த மாணவர் இளையவரை உருளச் சொல்வது, முட்டி போட வைப்பது, தம் சட்டையைத் துவைக்கச் சொல்வது ஆகியவை சில இடங்களில் மரபு என்ற பெயரில் நடக்கின்றன. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அலுவலருக்கும் பயிற்றுநர்களுக்கும்தான் உண்டு. சக மாணவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1997 முதல் பகடிவதைத் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, சீருடை அணிந்திருப்பது அதிலிருந்து விலக்குத் தராது. இதற்கு ஆளாகும் முதலாண்டு மாணவர் அன்றே அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் கேளாவிட்டால் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஆண்டு முகாமைத் தாண்டி, பிற மாநில மாணவர்களோடு தங்கும் தேசிய ஒருமைப்பாட்டு முகாம், தரைப்படைப் பிரிவினரின் தல் சைனிக் முகாம், ராணுவப் பிரிவுகளோடு சேர்ந்து தங்கும் பயிற்சி, மலையேற்றம், வெளிநாட்டு இளைஞர் பரிமாற்றம் எனப் பல வாய்ப்புகள் உண்டு. எல்லோரும் கனவு காண்பது தில்லியில் ஜனவரி முழுவதும் நடக்கும் குடியரசு நாள் முகாம். கல்லூரி, பட்டாலியன், குழு, இயக்குநரகம் என்று படிப்படியாகச் சலித்தெடுத்து அதற்கு ஆள் சேர்ப்பார்கள்; ஒவ்வொரு படியும் ஒரு முகாம். ஆகவே அதற்கு முயல்பவர் ஏறக்குறைய ஒரு பருவத்தின் வகுப்புகளை இழப்பார். துறைத் தலைவரிடமும் பாட ஆசிரியர்களிடமும் முதலிலேயே பேசி, குறிப்புகளை எடுத்து வைக்க ஒரு நண்பரை ஏற்பாடு செய்யாமல் இதில் இறங்கினால் அரியர் விழுவது நிச்சயம். கடைசிப் படியில் தேர்வாகாமல் திரும்புபவர்களே அதிகம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழும் அதன் பயனும்

'பி', 'சி' தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி ஆகியவற்றில் செய்முறையும், பொதுப் பாடங்களிலும் பிரிவுக்குரிய சிறப்புப் பாடங்களிலும் எழுத்துத் தேர்வும் இருக்கும். களத்தில் சிறந்து விளங்கும் பலர் எழுத்துத் தேர்வில்தான் தரத்தை இழக்கிறார்கள். தரம் முக்கியம், ஏனெனில் ராணுவ அதிகாரிப் பணிக்கென்று கீழே சொல்லப்போகும் நேரடி நுழைவுக்கு, 'சி' சான்றிதழ்த் தேர்வில் குறைந்தது 'பி' தரம் பெற்றிருக்க வேண்டும்.

அந்த நுழைவின் பெயர் என்.சி.சி. சிறப்பு நுழைவு. 19 முதல் 25 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத, பட்டப்படிப்பில் 50 விழுக்காடு பெற்ற 'சி' சான்றிதழ்தாரர்கள், ஆணும் பெண்ணும், ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் எழுத்துத் தேர்வை எழுதாமலேயே நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பணித் தேர்வு வாரியம்) நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும். இறுதியாண்டு படிப்போரும் நிபந்தனைகளுக்குட்பட்டு விண்ணப்பிக்கலாம். ஐந்து நாள் நடக்கும் அந்த நேர்காணலில் உளவியல் தேர்வு, குழுப் பணிகள், தனி நேர்காணல் என்று பல கட்டங்கள் உண்டு, சான்றிதழ் அங்கே சலுகை எதையும் பெற்றுத் தராது. தேர்வாகி மருத்துவப் பரிசோதனையிலும் தேறியவர்களுக்குப் பயிற்சி, நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலேயே நடக்கிறது.

ராணுவத்துக்குப் போக விரும்பாதவர்களுக்கும் பயன் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் 'சி' சான்றிதழுக்கு மொத்த மதிப்பெண்ணில் 5 விழுக்காடும் 'பி'க்கு 3 விழுக்காடும் 'ஏ'க்கு 2 விழுக்காடும் ஊக்க மதிப்பெண்ணாகச் சேர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சீருடைப் பணியாளர் தேர்விலும் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் என்.சி.சி.க்கு மூன்று நிலைகளில் கிரெடிட் உண்டு. அது மதிப்பெண் பட்டியலில் பதிவாகும், சி.ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. தனியார் நிறுவன வேலைக்கு இந்தச் சான்றிதழ் நேரடியாக எதையும் தராது. நேர்காணலில் 'உங்கள் தலைமைப் பண்புக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று கேட்டால் சொல்வதற்கு உண்மையான ஒரு நிகழ்வு கையில் இருக்கும், அவ்வளவே.

மூன்றாம் ஆண்டின் முடிவில், பல்கலைக்கழகத் தேர்வுப் பரபரப்பில் பெரும்பாலோர் இரண்டு வேலைகளை மறந்துவிடுகிறார்கள். கல்லூரிக் கிடங்கிலிருந்து பெற்ற பொருட்களைத் திருப்பிக் கொடுத்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்க வேண்டும். அதில் நிலுவை இருந்தால் மாற்றுச் சான்றிதழ் தடைபடலாம். 'சி' சான்றிதழ் தேர்வு முடிந்து மாதங்கள் கழித்துத்தான் கல்லூரிக்கு வந்து சேரும் என்பதால், அலுவலரிடம் சரியான தொலைபேசி எண்ணைக் கொடுத்துவைத்து, வந்தவுடன் நேரில் போய் வாங்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே பெயர், பிறந்த தேதி, பதிவெண், தரம் ஆகிய நான்கையும் சரிபார்த்து, பிழை இருந்தால் திருத்த விண்ணப்பத்தை அன்றே அங்கேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.